ஆகஸ்டு 15: ஒரே நாளில் கூடிய வரலாறுகள்

நாட்காட்டியில் மிகுந்தால் 366 தாள்கள். அதற்கு மேல் இடமில்லை. உலக வரலாறோ பல்லாயிரம் ஆண்டு நீண்டது. போரும் உடன்படிக்கையும், பிறப்பும் இறப்பும், கண்டுபிடிப்பும் ஆட்ட வெற்றியும் எல்லாம் அந்த 366 அறைகளுக்குள்ளேயே அடங்கியாக வேண்டும். ஆதலின் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் அன்று பெரியார் ஒருவர் பிறந்திருப்பார். பெருநிகழ்ச்சி ஒன்று நடந்திருக்கும். ‘வரலாற்றில் இன்று’ என்று செய்தித்தாள்கள் வெளியிடும் பட்டியலுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

வினாடி வினாப் போட்டிகளுக்குச் செல்லும் மாணவர் பலர் இப்பட்டியல்களை மனப்பாடம் செய்கின்றனர். செய்வது நன்றே. ஆனால் பட்டியல் அறிவு வரலாற்று அறிவாகிவிடாது. ஒரே நாளில் நிகழ்ந்த இரண்டு செய்திகளுக்கு இடையே உறவு உண்டா? உண்டென்றால் அந்த உறவை உண்டாக்கியவர் யார்? இவ்வாறு கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது. அப்படிக் கேட்பதற்கு ஒரு பயிற்சியே இக்கட்டுரை. பயிற்சிக்கு நாம் எடுத்துக்கொள்ளும் நாள் எல்லாரும் அறிந்த ஆகஸ்டு 15.

அந்நாளில் கூடும் நிகழ்ச்சிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். தாமே வந்து பொருந்தியவை ஒரு வகை. மனிதர் வேண்டுமென்றே பொருத்தியவை மற்றொரு வகை. பொருந்தியது போலத் தோன்றி, நெருங்கிப் பார்த்தால் பொருந்தாதவை மூன்றாம் வகை. ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. தாமே வந்து பொருந்தியவை

பிறந்த நாட்களில் தொடங்குவோம். பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியன் 1769 ஆகஸ்டு 15-இல் கார்சிகாத் தீவில் பிறந்தான். அதற்கு முந்திய ஆண்டில்தான் அத்தீவு ஜெனோவாவின் கையிலிருந்து பிரான்சின் கைக்கு மாறியிருந்தது. ‘ஐவன்ஹோ’ என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதிய சர் வால்டர் ஸ்காட் 1771-இல் இதே நாளில் எடின்பரோவில் பிறந்தார். பேரரசனுக்கும் நாவலாசிரியருக்கும் இரண்டே ஆண்டு இடைவெளி. சரியாக 101 ஆண்டுகள் கழித்து, 1872-இல், கல்கத்தாவில் அரவிந்தர் பிறந்தார். 1914-இல் இதே நாளில் பனாமாக் கால்வாய் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. ‘ஆங்கான்’ என்னும் கப்பல் ஒரு பெருங்கடலிலிருந்து மற்றொரு பெருங்கடலுக்குச் சென்றது. உலகப்போர் அப்போதுதான் மூண்டிருந்தமையால் அம்மாபெரும் செயலை உலகம் பெரிதாகக் கொண்டாடவில்லை.

இவற்றுக்குள் யாதோர் உறவும் இல்லை. ஸ்காட் பிறந்ததற்கும் பனாமாவில் கப்பல் ஓடியதற்கும் முடிச்சுப் போட முயல்வது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதேயாம்.

இத்தகைய ஒற்றுமையைக் கண்டு வியப்பவர்க்குக் கணக்கு ஒரு செய்தி சொல்லும். ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தால் அவர்களுள் இருவர்க்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் ஆகும்? நூற்றெண்பதுக்கு மேல் வேண்டும் என்றே பலரும் சொல்வர். விடை வெறும் 23 பேர்! 23 பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துப் பார்த்தால் 253 இணைகள் கிடைக்கும்; ஒப்பிடுவதற்கு அத்தனை வாய்ப்பு இருக்கிறது. 57 பேர் கூடினால் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டும். உங்கள் விடுதியின் உணவுக்கூடத்தில் ஒருநாள் சோதித்துப் பாருங்கள். நாள் ஒற்றுமை அரிய பொருளன்று என்பது அப்போது விளங்கும்.

2. பெர்லின் மைதானத்தில் ஓர் ஆகஸ்டு 15

தாமே பொருந்திய நிகழ்ச்சிகளுள் ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும்.

1936-இல் பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. 1928-இலும் 1932-இலும் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணி மூன்றாம் முறையாகக் களம் இறங்கியது. அணித்தலைவர் தியான் சந்த். பந்தயங்கள் தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டம் ஒன்றில் ஜெர்மனி நம்மை 4-1 என்று தோற்கடித்திருந்தது. அத்தோல்வியால் கலங்கிய அணியினர் தாயகத்துக்குத் தந்தி அடித்து, தாரா என்னும் ஆட்டக்காரரை வரவழைத்தனர்.

பிறகு நடந்தவை வெற்றிமேல் வெற்றி. ஹங்கேரியை 4-0, அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0 என்று வென்றனர். அரை இறுதியில் பிரான்சுக்கு எதிராகப் பத்துக் கோல். இறுதி ஆட்டம் அதே ஜெர்மனியுடன். ஆகஸ்டு 14 அன்று நடப்பதாக இருந்தது. மழை பெய்தது, மைதானம் சேறாயிற்று, ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. இவ்வாறு, மழையின் காரணமாக, இறுதி ஆட்டம் ஆகஸ்டு 15-இல் நடந்தது.

களம் இறங்குமுன் உடை மாற்றும் அறையில் நிகழ்ந்ததைத் தியான் சந்தே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1952-இல் ‘கோல்’ என்ற பெயரில் அந்நூலை வெளியிட்டவர் நம் சென்னையின் ‘ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம்’ இதழார். பிரிட்டிஷ் இந்தியாவின் கொடியின் கீழ் வந்திருந்த அவ்வணியினரின் முன்னே, நிருவாகிகளுள் ஒருவரான பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்து வைத்தார். அனைவரும் அதனை வணங்கினர், இறைவனை வேண்டினர், பின்னர் மைதானத்துக்குச் சென்றனர்.

இடைவேளையின்போது இந்தியா 1-0 என்றே முன்னணியில் இருந்தது. ஈரத்தரையில் ஓட்டம் தடைப்படுவதைக் கண்ட தியான் சந்த் ஆணி பதித்த காலணிகளைக் களைந்துவிட்டு ஆடினார். ஆட்டம் முடிந்தபோது கணக்கு 8-1. அவ்வொலிம்பிக்கில் இந்தியா அடித்த கோல்கள் 38; வாங்கியது ஒன்றே ஒன்று.

சரியாகப் பதினொரு ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்டு 15-இல், நாடு விடுதலை பெற்றது. இதனைக் கேட்கும்போது உள்ளம் சிலிர்க்கிறது. ஆயினும் அந்த ஆட்டக்காரர்களுக்கு 1947 தெரியாது. 1947-இன் தலைவர்கள் பெர்லினை எண்ணி நாள் குறித்தவர்களும் அல்லர். நாள் ஒற்றுமை மழை தந்தது. ஆனால் அடிமை நாட்டு இளைஞர் சிலர் மூடிய அறைக்குள் தம் கொடியை வணங்கிய செயல் மழை தந்ததன்று. அது அவர்தம் நெஞ்சம் தந்தது. அந்த ஆட்டம் வேறொரு தேதியில் நடந்திருந்தாலும் அச்செயலின் பெருமை அணுவளவும் குறையாது. நாளின் ஒற்றுமையை ஒதுக்கிவிட்டாலும் எஞ்சி நிற்கும் பெருமைதான் உண்மைப் பெருமை. இது நாம் கற்க வேண்டிய முதற் பாடம்.

3. மனிதர் பொருத்தியவை

இனி இரண்டாம் வகை. இதில் உறவு உண்டு. அதனை உண்டாக்கியவர் மனிதர்.

1945 ஆகஸ்டு 15 நண்பகலில் ஜப்பானியப் பேரரசரின் குரல் வானொலியில் ஒலித்தது. ஜப்பான் சரணடைவதை மக்கள் அறிந்தனர். அப்போது தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைவராக இருந்தவர் மவுண்ட்பேட்டன். அவரே 1947-இல் இந்தியாவின் இறுதி வைசிராயாக வந்தார். 1948 சூனுக்குள் ஆட்சியைக் கைம்மாற்றுவோம் என்பதே பிரிட்டிஷ் அரசு முதலில் அறிவித்த காலவரை. ஆனால் 1947 சூன் 4-ஆம் நாள் செய்தியாளர் கூட்டத்தில் மவுண்ட்பேட்டன் ஆகஸ்டு 15 என்னும் நாளைக் குறிப்பிட்டார். ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் அந்நாள் தம் நினைவுக்கு வந்ததாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

அக்கூட்டத்துக்கும் ஆகஸ்டு 15-க்கும் இடையே இருந்தவை 72 நாட்களே. அதற்குள் இராணுவத்தைப் பிரிக்க வேண்டும்; கருவூலத்தைப் பிரிக்க வேண்டும்; நூலகங்களையும் நாற்காலிகளையும்கூடப் பிரிக்க வேண்டும். பஞ்சாபையும் வங்காளத்தையும் இரண்டாக வகுக்க வேண்டும். எல்லை வகுக்க வந்த ராட்கிளிப் இந்தியாவில் கால் வைத்ததே சூலை 8-இல்தான். அவருக்குக் கிடைத்த காலம் ஐந்து வாரம். ஒருவர் தம் போர் வெற்றியின் நினைவால் தேர்ந்த நாள், கோடிக்கணக்கானவர்களின் வீட்டையும் வாழ்வையும் ஆண்டது. பெர்லினில் மழை நாளை மாற்றியது. அதனால் எவர்க்கும் தீங்கில்லை. இங்கோ நாளின் தேர்வே விளைவுகளைப் பெற்றெடுத்தது. இவ்விரண்டையும் ‘ஒரே நாளின் ஒற்றுமை’ என்று ஒரே பட்டியலில் எழுதிவிடுவது எவ்வளவு பெரிய மயக்கம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கொரியர்க்கும் ஆகஸ்டு 15 விடுதலை நாளே. ஜப்பானிய ஆட்சியிலிருந்து அவர்கள் மீண்டது 1945-இல் அந்நாளில்தான். 1948-இல் கொரியக் குடியரசை அதே நாளில் சியோல் நகரில் நிறுவினர். அது தேர்ந்தெடுத்த நாள். இங்கும் பெர்லின் வருகிறது. 1936-இன் மாரத்தான் ஓட்டத்தில் தங்கம் வென்ற சோன் கீ சுங் என்பவர் கொரியர். ஆனால் ஜப்பானியக் கொடியின் கீழ், ஜப்பானிய முறையில் மாற்றி எழுதப்பட்ட பெயரோடு ஓட வேண்டியிருந்தது. கொரிய நாளிதழ் ஒன்று அவர் மார்பில் இருந்த ஜப்பானியக் கொடியைப் படத்திலிருந்து அழித்து வெளியிட்டது. அதற்காக அவ்விதழ் தடை செய்யப்பட்டது. அதே சோன் 1988-இல், சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில், சுடரை ஏந்தி அரங்கினுள் ஓடி வந்தார். அப்போது அவர் எழுபது வயதைத் தாண்டிய முதியவர்.

நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆள்வோர்க்கு எப்போதும் உண்டு. நெப்போலியன் தன் பிறந்த நாளைப் பிரான்சு முழுவதும் திருநாளாகக் கொண்டாட வைத்தான். அந்நாள் கத்தோலிக்கர்க்கு ஏற்கனவே மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளாக இருந்தது வேறு! நம் நாடும் இவ்வுரிமையை நல்ல முறையில் பயன்படுத்தியுள்ளது. முழு விடுதலையே குறிக்கோள் என்று 1930 சனவரி 26-இல் நாடெங்கும் உறுதி எடுத்தனர். அந்நினைவு அழியாதிருக்கவே, 1949 நவம்பர் 26-இல் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பை 1950 சனவரி 26-இல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தனர்.

ஆகஸ்டு 15-ஐயும் பிற்காலத்தார் பல தொடக்கங்களுக்குத் தேர்ந்தனர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1969-இல் இந்நாளில் தோன்றியது. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972-இல், விடுதலையின் வெள்ளிவிழா நாளில், நடைமுறைக்கு வந்தது. நம் வீட்டு முகவரியின் கடைசியில் 6 என்று தொடங்கும் எண்ணை எழுதும்போது இதனை நினைவு கொள்ளலாம். தமிழ்நாட்டார் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. விடுதலை நாளில் மாநிலத் தலைநகரங்களில் முன்பு ஆளுநர்களே கொடியேற்றி வந்தனர். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர்களுக்கே அவ்வுரிமை வேண்டும் என்று முதலமைச்சர் மு. கருணாநிதி மத்திய அரசிடம் வலியுறுத்தினார். 1974 ஆகஸ்டு 15-இல் அவர் சென்னைக் கோட்டையில் கொடியேற்றினார். அதுமுதல் எல்லா மாநிலங்களிலும் அதுவே வழக்கமாயிற்று.

4. பொருந்தியது போலத் தோன்றுபவை

மூன்றாம் வகையில்தான் மாணவர்க்கு மிகுந்த விழிப்பு வேண்டும்.

செங்கோட்டையில் நேரு முதன்முதலாகக் கொடியேற்றிய நாள் எது? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் 1947 ஆகஸ்டு 15 என்பர். உண்மையில் அது ஆகஸ்டு 16. பதினைந்தாம் நாள் மக்கள் வெள்ளத்தின் நடுவே கொடியேறியது இந்தியா கேட்டை அடுத்த பூங்காவில். பின்னைய ஆண்டுகளின் வழக்கத்தை முதலாண்டின் மேல் ஏற்றி நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பாகிஸ்தான் தோன்றியது எந்நாள்? பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இரண்டு நாடுகளுக்கும் ஆகஸ்டு 15 என்றே கூறியது. 1948-இல் பாகிஸ்தான் வெளியிட்ட விடுதலை நினைவு அஞ்சல்தலைகளிலும் 15 என்றே இருக்கிறது. பின்னர் 14-ஆம் நாளே அங்கு விடுதலை நாளாக நிலைத்தது.

எல்லைக்கோட்டை வெளியிட்டதோ ஆகஸ்டு 17. ஆதலின் ஆகஸ்டு 15 காலையில் எல்லையோர மக்கள் பலர்க்குத் தாம் எந்நாட்டினர் என்பதே தெரியாது. வங்காளத்தின் மால்டா, நாதியா மாவட்டங்களில் சில இடங்களில் முதலில் பாகிஸ்தான் கொடி பறந்தது, பின்பு இறங்கியது. நாதியாவில் இன்றும் ஆகஸ்டு 18-ஐக் கொண்டாடும் ஊர்கள் உள்ளன. வங்காளத்து நண்பர் உங்கள் விடுதியில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

நம் புதுச்சேரியை மறக்கலாமா? 1947 ஆகஸ்டு 15-இல் அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கு வாழ்ந்த அரவிந்தர்க்கு அன்று 75 வயது நிறைந்தது. திருச்சி வானொலி நிலையத்தின் வேண்டுகோளுக்கு இணங்கி அவர் எழுதிய செய்தி முந்தியநாள் இரவு ஒலிபரப்பாயிற்று. தம் பிறந்த நாளே நாட்டின் விடுதலை நாளானதை அவர் தற்செயல் என்று கொள்ளவில்லை. இறையருளின் ஒப்புதல் என்று கொண்டார். அது அவர்தம் ஆன்ம நம்பிக்கை. வரலாற்று மாணவர் அதனை மதிக்க வேண்டும். ஆனால் நாளைக் குறித்த காரணத்தை ஆராயும்போது சூன் 4-ஆம் நாள் செய்தியாளர் கூட்டத்தையும் சொல்லவே வேண்டும். புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படி இணைந்தது 1962-இல். நாளோ ஆகஸ்டு 16. ஒரே ஒரு நாள் தள்ளி!

விளையாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் 1948-இல் லண்டனில் கிடைத்தது. ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பிரிட்டனையே 4-0 என்று வென்றோம். அந்நாள் ஆகஸ்டு 12. விடுதலையின் முதலாண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்னதாக வந்துவிட்டது. ‘ஆகஸ்டு 15’ என்று மாற்றிச் சொன்னால் கதை இன்னும் அழகாக இருக்கும். ஆனால் வரலாறு கெட்டுவிடும்.

அதே லண்டனில் பாகிஸ்தான் அணிக்குத் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? 1936-இல் தந்தி கொடுத்து வரவழைத்தோமே, அந்தத் தாராதான். பெர்லினில் ஒரே அணியில் ஆடியவர்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு நாட்டினர் ஆயினர்.

5. ஒரே நாளின் இரண்டு முகங்கள்

1947 ஆகஸ்டு 15 ஒரு வெள்ளிக்கிழமை. நம் ஊர்களில் அது ஆடி வெள்ளி. டில்லியில் புதிய அமைச்சரவை பதவியேற்றது. கோவை தந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். எங்கும் விளக்கொளி, எங்கும் ஆரவாரம்.

காந்தியடிகள் அங்கு இல்லை. அவர் கல்கத்தாவின் பெலியாகட்டாவில், கலவரத்தால் புண்பட்ட மக்கள் நடுவே தங்கியிருந்தார். அன்று அவர் உண்ணவில்லை; நூற்றார்; வழிபட்டார். நாட்டின் பிளவும் குருதியும் அவரை வருத்தின என்பதை நூல்கள் கூறும். பலர் நினைவுகொள்ளாத இன்னொன்றும் உண்டு. மகன்போல் உடனிருந்து இருபத்தைந்து ஆண்டு தொண்டு செய்த மகாதேவ தேசாய் இறந்தது 1942 ஆகஸ்டு 15-இல். ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் இருவரும் சிறைப்பட்டு ஒரு வாரமும் ஆகாத நிலையில், புனே ஆகாகான் மாளிகையில், ஐம்பதாம் வயதில் அவர் உயிர் நீத்தார். ஆதலின் நாடு விடுதலை பெற்ற அந்நாள் அடிகளுக்கு ஒரு நினைவு நாளுமாகும்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் காரண உறவு இல்லை. ஆனால் ஒரு மனிதரின் நெஞ்சில் அவை இரண்டும் கூடின. நாளின் பொருள் நாட்காட்டியில் இல்லை. அதனை நினைப்பவரிடம் இருக்கிறது.

6. மாணவர்க்குச் சில வினாக்கள்

இனி நாள் ஒற்றுமையைப் பற்றி எங்கே படித்தாலும் நான்கு வினாக்களைக் கேளுங்கள். ஒன்று: அந்த நாள் உண்மையில் சரியானதா, எந்நாட்டு நேரப்படி? ஜப்பானில் 15 பிறந்தபோது அமெரிக்காவில் 14 முடியவில்லை. இரண்டு: நாளை மனிதர் தேர்ந்தனரா, அது தானே அமைந்ததா? மூன்று: தேர்ந்தவர் யார், அத்தேர்வால் நன்மையோ தீமையோ அடைந்தவர் யார்? நான்கு: நாள் ஒற்றுமையை நீக்கிவிட்டால் அந்நிகழ்ச்சியில் எஞ்சும் பெருமை எவ்வளவு?

பழகிப் பார்க்க ஒரு கணக்குத் தருகிறேன். 2020 ஆகஸ்டு 15 மாலையில் மகேந்திர சிங் தோனி பன்னாட்டுக் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். சிறிது நேரத்தில் சுரேஷ் ரெய்னாவும் அவ்வாறே அறிவித்தார். அப்போது இருவரும் சென்னையில் ஒரே பயிற்சி முகாமில் இருந்தனர். இந்த ஒற்றுமை மேற்சொன்ன மூன்று வகையுள் எதனைச் சேரும்? காரணம் காட்டி எழுதுங்கள்.

பிறகு உங்கள் பிறந்த நாளை எடுத்துக்கொண்டு இதே முறையில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பட்டியலாக எழுதினால் அரைமணியில் முடிந்துவிடும். இந்த நான்கு வினாக்களோடு எழுதினால் ஒரு வாரம் நூலகத்தில் உட்கார வேண்டியிருக்கும். அந்த ஒரு வாரம் வீண் போகாது.